கரண்ட் கொடுக்கிற சங்கத்துக்கு இன்டர்நெட் எதற்கு?

கேள்வி: 11 அக்டோபர் 2021

மிசூரியில் இருக்கும் நண்பர், தங்கள் பகுதி மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் இன்டர்நெட் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எனக்கு இது வேண்டாத வேலையாகப் படுகிறது. கம்பத்தையும் கம்பியையும் பார்த்துக்கொள்கிறவர்கள் அதை ஒழுங்காகப் பார்த்தால் போதாதா? லாபம் இருந்தால் பெரிய கம்பெனிகளே வரும். வரவில்லை என்றால் அங்கே லாபம் இல்லை என்று அர்த்தம். அவர்களே தொடாத இடத்தில் ஒரு சின்னச் சங்கம் போய் ஏன் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும்?

12 அக்டோபர் 2021, இரவு

அந்த நண்பர் நான்தான். லாபம் இல்லாத இடத்துக்குக் கம்பெனி வராது என்பது சரி. இந்தச் சங்கம் பிறந்ததே அதனால்தான். 1936இல் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையில் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் வந்தபோது, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. நகரத்தில் பத்தில் ஒன்பதுக்கு இருந்தது. மைலுக்கு இரண்டு மூன்று வீட்டுக்காகக் கம்பம் நட முடியாது என்று கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. விவசாயிகள் ஆளுக்கு ஐந்து டாலர் போட்டுச் சங்கம் ஆரம்பித்து, அரசுக் கடன் வாங்கி, தாங்களே நட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு அப்படி ஏறக்குறைய 900 சங்கங்கள். நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இவர்கள் கம்பிதான் ஓடுகிறது.

இங்கே வரும்வரை எனக்கும் இதெல்லாம் தெரியாது. மனைவி மருத்துவர். ஜே-1 விசாவில் வந்தவர்கள் பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால், மருத்துவர் பஞ்சமுள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அப்படித்தான் 2019 ஜூலையில் தெற்கு மிசூரியில் ஓசார்க் மலைப்பக்கம் வந்து சேர்ந்தோம். முதல் கரண்ட் பில்லோடு "நீங்கள் இப்போது இந்தச் சங்கத்தின் உரிமையாளர்களில் ஒருவர்" என்று ஒரு சான்றிதழ் வந்தது. விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டேன்.

போன வாரப் பில்லோடு ஒரு மஞ்சள் தாள் வந்திருக்கிறது. இன்டர்நெட் சேவை தொடங்கினால் சேர்வீர்களா, மாதம் எவ்வளவு வரை தருவீர்கள், இப்போது என்ன வேகம் கிடைக்கிறது என்று மூன்று கேள்வி. இந்தத் தடவை கிழிக்கவில்லை.

12 அக்டோபர், சற்றுப் பிறகு

திருத்தம். ஆணை வந்தது 1935 மே மாதம். 1936 மே மாதம் வந்தது சட்டம். இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

15 அக்டோபர் 2021

"நிலைமை அவ்வளவு மோசமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வீட்டில் இருப்பது பழைய தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல். இறங்குவேகம் ஒன்றரை எம்பி, ஏறுவேகம் அரை எம்பி கூடக் கிடையாது. மழை பெய்தால் அதுவும் படுத்துவிடும். அதற்கு முன்னால் பழைய வகைச் சாட்டிலைட் வைத்துப் பார்த்தோம். அந்தச் சாட்டிலைட் 22,000 மைல் உயரத்தில் நிற்கிறது. நான் பேசி முடித்து, அது மேலே போய், இறங்கி, எதிராளி பதில் சொல்லி, அது திரும்பி வருவதற்குள் கூட்டத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டிருப்பார்கள். "சரி" என்று நான் சொல்வது எப்போதும் அடுத்தவர் கேள்விக்குப் பதிலாக விழும். அப்படி ஒருமுறை யாரும் எடுக்காத வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2020இல் பள்ளிக்கூடத்தை மூடியபோது மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் நூலகத்தின் வண்டி நிறுத்தத்துக்குப் போவேன். நூலகம் மூடிக்கிடந்தாலும் வைஃபையை மட்டும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும், ஒவ்வொன்றிலும் பின் சீட்டில் ஒரு குழந்தை. மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்தினால் சிக்னல் நன்றாக வரும். அந்த இடத்துக்குப் போட்டி.

அம்மா கோவில்பட்டியில் இருக்கிறாள். வாட்ஸப் வீடியோவில் என் முகம் உறைந்து நின்றதும், "எங்க தெரு கடைசி வரைக்கும் சிக்னல் வருது. அமெரிக்கால போய் இப்படி ஒரு ஊரத் தேடிப் புடிச்சியா?" என்றாள். பதில் சொன்னேன். அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

23 அக்டோபர் 2021

சரி, கணக்குக்கு வருவோம். தேசிய அளவில் மின் கூட்டுறவுகளுக்கு மைலுக்குச் சராசரி எட்டு இணைப்பு. மற்ற மின் நிறுவனங்களுக்கு முப்பதுக்கு மேல். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக வரும்.

கம்பத்தில் ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள், கட்ட மைலுக்கு 30,000 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வீட்டில் பாதிப்பேர் சேர்ந்தால் நான்கு வீடு, வீட்டுக்கு 7,500. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இழுக்கவும் உள்ளே பெட்டி மாட்டவும் ஒரு 2,000. ஆக 9,500. மாதம் 70 டாலர் வாங்கினால் வருடத்துக்கு 840. ஆள், பராமரிப்பு, வெளியுலகத்தோடு இணைக்கும் செலவு என்று பாதி போனால் மிச்சம் 420. போட்ட பணம் திரும்ப 22 வருடத்துக்கு மேல் ஆகும், வட்டியைச் சேர்க்காமலே.

பங்குச் சந்தைக் கம்பெனிக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் மின்கம்பத்துக்கு முப்பது வருடக் கடன் வாங்கிப் பழகிய சங்கத்துக்கு 22 வருடம் என்பது கேட்டுப் பழகிய எண். நீங்கள் கேட்டீர்களே, கம்பெனி தொடாததை இவர்கள் ஏன் தொட வேண்டும் என்று. இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறார்கள், காத்திருக்கும் காலம்தான் வேறு.

எங்கள் ரோட்டில் மைலுக்கு மூன்று வீடு. மூன்று பேரும் சேர்ந்தாலும் 28 வருடம். ரோட்டிலிருந்து என் வீட்டுக்கே 780 அடி மண்பாதை. என்னைப் போன்ற உறுப்பினர்தான் சங்கத்துக்கு நஷ்டம் என்பது கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

24 அக்டோபர் 2021

"ஏற்கெனவே வீடுவரை மின்கம்பி போகிறதே, அதிலேயே இன்டர்நெட்டை அனுப்பக் கூடாதா?"

நானும் இதே கேள்வியைச் சங்க அலுவலகத்தில் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. பலபேர் கேட்டிருப்பார்கள் போல. மீட்டர் ரீடிங் மின்கம்பி வழியேதான் அவர்களுக்குப் போகிறதாம். ஒரு நாளைக்குச் சில எண்கள், அதற்கு அந்தக் கம்பி போதும். வேகமாக அனுப்பினால்தான் சிக்கல். கம்பி ஆன்டெனா ஆகிவிடுகிறது, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒரு ரிப்பீட்டர் மாட்ட வேண்டியிருக்கிறது. 2000களில் அலபாமாவில் ஐபெக் என்ற கம்பெனி பல மின் கூட்டுறவுகளோடு சேர்ந்து அரசுக் கடனில் இதைச் செய்து பார்த்தது. 2011 ஏப்ரலில் சூறாவளி வேறு அடித்தது. 2012 தொடக்கத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

9 நவம்பர் 2021

"கம்பம்தான் இருக்கிறதே, ஃபைபரைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று எழுதியவருக்கு.

கம்பத்தில் இடம் வேண்டும். மேலே மின்கம்பி, கீழே தொலைபேசி, கேபிள். இரண்டுக்கும் நடுவே 40 அங்குலம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. தொலைபேசி ஆள் ஏறி வேலை பார்க்கும்போது கை மேலே போய்விடக் கூடாது என்பதற்காக. புதிதாக ஒரு ஃபைபர் வந்தால் இருப்பதைக் கீழே இறக்க வேண்டும், இடம் இல்லையென்றால் கம்பத்தையே மாற்றி உயரமானதாக நட வேண்டும். அதனால் கம்பம் சொந்தமாக இருந்தாலும் செலவு அப்படியேதான்.

10 நவம்பர் 2021

நேற்று எழுதியதில் பாதி தப்பு. பக்கத்து நிலத்துக்காரர் முப்பது வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலி ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது வெளியாளுக்கு. எங்களுக்கு என்ன?"

விஷயம் இதுதான். உலோகமே இல்லாத ஒரு வகை ஃபைபர் இருக்கிறது, ஏடிஎஸ்எஸ் என்பார்கள். தன் எடையைத் தானே தாங்கும், மின்சாரம் பாயாது. அதை அந்த 40 அங்குலத்துக்கு மேலே, மின்கம்பிகள் இருக்கும் பகுதியிலேயே, நியூட்ரல் கம்பிக்குப் பக்கத்தில் கட்டலாம். ஆனால் அங்கே ஏறிக் கைவைக்க உயர் அழுத்தத்தில் பயிற்சி பெற்ற லைன்மேன் வேண்டும். தொலைபேசிக் கம்பெனி ஆளுக்கு அந்த அனுமதி கிடையாது. சங்கத்து ஆளுக்கு அதுதான் தினசரி வேலை. பெரும்பாலான கம்பத்தை மாற்ற வேண்டியதில்லை, யாருடைய கம்பியையும் நகர்த்த வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்டு மாதக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை.

பூமிக்கடியில் போனால் என்ன என்றும் கேட்டேன். காலால் தரையைக் கீறிக் காட்டினார். அரை அடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. "உன் வேலிக்குக் குழி தோண்டினவனைக் கேள்" என்றார். அவன் இரண்டு துளைமுனையை உடைத்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

16 நவம்பர் 2021

நேற்று பைடன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிராட்பேண்ட் கட்ட மாநிலங்களுக்கு 4,245 கோடி டாலர். வாட்ஸப் குழுவில் ஒருவர், "இனி என்ன, அடுத்த தீபாவளிக்கு ஃபைபர்" என்று பட்டாசுப் படம் போட்டிருக்கிறார். எந்த வருடத் தீபாவளி என்று அவர் சொல்லவில்லை.

20 ஜனவரி 2022

வழியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தின் மேல் கம்பி கொண்டுபோகும் உரிமை. இந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் இத்தனை முறை சொன்னதில்லை.

சங்கத்தின் கம்பி உறுப்பினர்களின் நிலத்தின் மேல்தான் போகிறது. 1940களில் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தோடும் அதன் நகல் இருக்கிறது. "மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பி அமைக்க" என்று போட்டிருக்கிறது. அந்தக் கம்பத்தில் ஃபைபர் கட்டி, தன் சப்ஸ்டேஷன்களோடு பேச அதைப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. அதே ஃபைபரில் மிச்சமிருக்கும் இழையை வெளியாருக்கு வாடகைக்கு விட்டால்?

மிசூரியிலேயே இது நடந்தது. ஷோ-மீ பவர் என்ற கூட்டுறவின் மீது நில உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2015இல் ஜூரி கொடுத்த தீர்ப்பு 7.9 கோடி டாலருக்கு. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்துமீறல் உண்மைதான், ஆனால் தொகையைக் கணக்கிட்ட முறை தப்பு என்று திருப்பி அனுப்பியது. அந்த 7.9 கோடி பல சங்கங்களின் போர்டு உறுப்பினர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். 2018இல் மாநிலம் சட்டத்தை மாற்றி, மின் வழியுரிமை பிராட்பேண்டுக்கும் செல்லும் என்று ஆக்கியது. இன்டியானா அதற்கு ஒரு வருடம் முன்பே செய்துவிட்டது.

மிசிசிப்பி கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1942ஆம் வருடச் சட்டப்படி மின் கூட்டுறவு மின்சாரம் தவிர வேறு எதையும் செய்யக் கூடாது. அதைத் திருத்தியது 2019 ஜனவரியில்.

அக்டோபரில் நான் போர்டை "ஆமை" என்று எழுதியதாக ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். இங்கே எழுதவில்லை, வாட்ஸப்பில் எழுதினேன். இந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு கொஞ்சம் வாபஸ்.

22 ஜனவரி 2022

பெங்களூருவிலிருந்து ஒருவர், "நம் நாட்டில் இப்படி மின்சாரக் கூட்டுறவே கிடையாதே" என்கிறார். இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே, பெலகாவி மாவட்டத்தில் ஹுக்கேரி. தெலங்கானாவில் சிர்சில்லா. 1960களின் கடைசியில் அமெரிக்க மின் கூட்டுறவுகளின் தேசியச் சங்கம் உதவ, சோதனையாகத் தொடங்கிய ஐந்தில் இவை இரண்டு. இங்கே உள்ள மாதிரியை அப்படியே கொண்டுபோனார்கள். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது தனியாக எழுதுங்கள். இந்தக் கேள்வி-பதில் இழையை நானே போதுமான அளவுக்குக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

5 ஜூன் 2022

நேற்று ஆண்டுப் பேரவை. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் போனேன்.

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கு. வாசலில் பெயரைப் பதிந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். உள்ளே இரண்டு எல்இடி பல்பு, ஒரு பேனா, ஒரு நாட்காட்டி. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை சேர வேண்டும் என்பதற்காகத்தான் வாளி என்று லைன்மேன் பெரியவர் ரகசியமாகச் சொன்னார். அவர் வீட்டில் பதினேழு வாளி இருக்கிறதாம். சாப்பாடு பன்றிக்கறி சாண்ட்விச். நான் சிப்ஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.

இன்டர்நெட் பேச்சு கடைசியில்தான் வந்தது. மைக்குக்கு முன்னால் வரிசை.

முதலில் ஒரு வயதான அம்மா: "எனக்கு இன்டர்நெட் வேண்டாம். என் கரண்ட் பில்லில் அதற்கு ஒரு காசு ஏறக் கூடாது. எழுதித் தருவீர்களா?" கைத்தட்டல். மேலாளர், தனித் துணை நிறுவனம் தொடங்குவோம், கணக்கு தனியாக இருக்கும் என்றார். "துணை நிறுவனம் மூழ்கினால் கடனுக்கு ஜாமீன் யார்?" என்று அந்த அம்மா கேட்டாள். மேலாளர் தண்ணீர் குடித்தார். நல்ல கேள்வி. வட்டி குறைவாகக் கிடைக்க வேண்டுமென்றால் தாய்ச் சங்கம்தான் ஜாமீன் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்து ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். கன்றுகளை இப்போது வீடியோ ஏலத்தில்தான் வாங்குகிறாராம். போன வசந்தத்தில் படம் உறைந்து நின்ற பத்து வினாடியில் அவர் கேட்ட மந்தை இன்னொருவருக்குப் போய்விட்டது. "அந்தப் பத்து வினாடியில் எவ்வளவு போச்சு என்று என் மனைவிக்கு இன்னும் தெரியாது" என்றார். மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஒரு தாத்தா, கைத்தடியோடு. ஊருக்கு விளக்கு வந்த வருடம் அவருக்கு ஏழு வயது. அப்பா ஐந்து டாலர் கட்டிச் சேர்ந்ததற்கு அம்மா ஒரு வாரம் பேசவில்லையாம். ஐந்து டாலருக்கு மாவும் சர்க்கரையும் வாங்கியிருக்கலாமே என்று. "பிறகு இஸ்திரிப் பெட்டி வாங்கினோம். அதன் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை." அவ்வளவுதான் சொன்னார். இன்டர்நெட் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. போய் உட்கார்ந்துவிட்டார்.

நானும் வரிசையில் நின்றேன். பேசத் தயாரித்து வைத்திருந்தது எல்லாம் அந்த அம்மாவின் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. நான் மூன்று வருடத்தில் கிளம்பிப் போகக்கூடிய ஆள். இருபது வருடக் கடனை அவள் வீட்டின் மேல் ஏற்றச் சொல்லி நான் எப்படிக் கேட்பது? மைக் பக்கத்தில் வந்ததும் திரும்பிவிட்டேன்.

வாளி காரில் இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2022

நேற்று மத்தியத் தொடர்பு ஆணையம், சாட்டிலைட் இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்கின் 88.55 கோடி டாலர் மானிய விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது. 2020 டிசம்பரில் முடிவு வந்த பெரிய கிராமப்புற ஏலத்தின் கதை இது. பத்து வருடத்துக்கு 920 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். யார் குறைந்த மானியத்துக்குக் கட்டித் தருவதாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு அந்த வட்டாரம்.

எங்கள் வட்டாரத்தையும் ஒரு கம்பெனி எடுத்தது. பெயர் வேண்டாம். இங்கே அவர்களுக்கு ஒரு கம்பம் கூடக் கிடையாது. அவர்கள் எடுத்ததனால் வேறு மானியத்துக்கு எங்கள் பகுதி "ஏற்கெனவே கவனிக்கப்பட்டது" என்று கணக்கு. சங்கம் விண்ணப்பம் போட முடியாது. கல்யாணம் நிச்சயமான பெண் என்று சொல்லியே மாப்பிள்ளை வராமல் இரண்டு வருடம் ஓடுகிறது.

12 ஆகஸ்ட் 2022

"மூன்று வருடம் முடிந்துவிட்டதே, கிளம்பவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூலையில் முடிந்தது. மருத்துவமனையில் மனைவியைத் தொடரச் சொன்னார்கள். மகளுக்கு இங்கே ஒரு குதிரையோடு சிநேகம். இருக்கிறோம். ஜூன் 5ஆம் தேதி எழுதிய "கிளம்பிப் போகக்கூடிய ஆள்" என்பதைத் திருத்திப் படிக்கவும்.

18 பிப்ரவரி 2023

போர்டு ஒரு ஆலோசகரை வைத்து ஆய்வு வாங்கியிருக்கிறது. உறுப்பினர் கேட்டால் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், நகல் கிடையாது. இரண்டு மணி நேரம் படித்தேன்.

எல்லாவற்றையும் தானே செய்வது ஒரு வழி. வடமிசூரியில் ரால்ஸ் கவுண்டி, நடுமிசூரியில் கோ-மோ என்ற இரண்டு மின் கூட்டுறவுகளும் அப்படித்தான். ரால்ஸ் கவுண்டிக்கு 2010இல் பொருளாதார ஊக்க நிதியிலிருந்து கடனும் மானியமுமாகக் கிடைத்தது. கோ-மோவுக்கு அந்த நிதி கிடைக்கவில்லை, சோதனையாக ஒரு பகுதியில் ஆரம்பித்து, உறுப்பினர்களிடம் முன்பணம் வாங்கி, ஆள் சேர்ந்த பக்கமாக நகர்ந்தார்கள். எனக்குக் கோ-மோ வழிதான் பிடித்திருக்கிறது. யாருக்கு வேண்டும் என்பது பேச்சில் தெரியாது, முன்பணத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஃபைபரை மட்டும் கட்டிவிட்டு, ஒளியேற்றாமல் அப்படியே பக்கத்துத் தொலைபேசிக் கூட்டுறவுக்கு வாடகைக்கு விடுவது. அவர்களும் நம்மைப் போலத்தான். 1949இல் இதே மின்மயமாக்கல் சட்டத்தில் தொலைபேசிக்கும் கடன் உண்டு என்று சேர்த்தபோது கிளம்பியவர்கள். அப்போதும் யாராவது "கரண்டுக்குக் கொடுத்தால் போதாதா" என்று கேட்டிருப்பார்கள். வாடிக்கையாளர் புகார் நள்ளிரவில் அவர்களுக்குப் போகும், நமக்கு வராது. வருமானமும் அப்படியே.

டவர் வைத்துக் காற்றில் அனுப்பும் யோசனைக்கு ஆய்வில் ஒரே பக்கம். மலை, பள்ளம், ஓக் மரம். குளிர்காலத்தில் சோதித்துவிட்டு நன்றாக வருகிறது என்று சொல்லிப் போவார்கள், மே மாதம் இலை வந்ததும் சிக்னல் போய்விடும்.

வரி விஷயமும் உண்டு. கூட்டுறவின் வருமானத்தில் 85 சதவீதம் உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வரிவிலக்கு போய்விடும். 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு அரசு மானியத்தையே வெளி வருமானமாகக் கணக்கில் எடுத்தார்கள். மானியம் வாங்கினால் வரிவிலக்கு போகும் என்ற கூத்து 2019 டிசம்பரில்தான் சரியானது.

ஆய்வின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "சேர்வோர் 35% என்றால்?" கீழே இரண்டு கோடு.

27 ஜூன் 2023

4,245 கோடியில் மிசூரிக்கு 173.6 கோடி டாலர் என்று நேற்று அறிவித்தார்கள். 2021 நவம்பரில் பட்டாசு போட்டவரே மறுபடி போட்டிருக்கிறார்.

எங்கள் வட்டார ஏலக் கம்பெனி விலகிவிட்டது. நிச்சயதார்த்தம் ரத்து.

3 டிசம்பர் 2023

போர்டு முடிவெடுத்துவிட்டது. மானியத்துக்குக் காத்திருக்கவில்லை, வீடுவீடாகக் கொடுப்பதாகவும் சொல்லவில்லை. முதலில் சப்ஸ்டேஷன்களை ஒரு வளையமாக ஃபைபரில் இணைப்பது. மின்சாரத்துக்கே அது தேவை. மரம் விழுந்து லைன் போனால் எந்த இடத்தில் என்று வண்டியில் தேடிக்கொண்டு போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து சுவிட்சைத் திறந்து மூட. அந்தச் செலவை மின்சாரக் கணக்கில் எழுதினால் பேரவையில் பேசிய அந்த அம்மாகூடக் கேள்வி கேட்க முடியாது. வளையம் போகும் ரோடுகளில் இருப்பவர்கள் முன்பணம் கட்டினால் அவர்களுக்கு இணைப்பு. மற்றவர்களுக்குப் பிறகு.

வளையம் எங்கள் ரோட்டில் போகவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு மைல் தள்ளிப் போகிறது.

முதலில் கோபம் வந்தது. ராத்திரி மறுபடி கணக்குப் போட்டேன். நான் போர்டில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை.

1 ஜூன் 2024

ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் இன்டர்நெட் உதவி நேற்றோடு முடிந்துவிட்டது. நாடு முழுக்க 2.3 கோடி வீடுகள் அதில் இருந்தன. சங்கத்தின் கணக்கில் "சேர்வோர்" என்ற எண்ணில் ஒரு பகுதி அந்த 30 டாலரை நம்பி நின்றது. பென்சிலால் எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

இடையில் ஸ்டார்லிங்கும் வாங்கிப் போட்டோம். பழைய சாட்டிலைட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஓக் மரக்கிளை வழியில் வரும்போதெல்லாம் ஒரு சில வினாடி அறுந்துபோகும். மரத்தை வெட்டலாமா என்று பேச்சு வந்தது. மகள் குறுக்கே நின்றாள்.

10 ஜூன் 2025

அந்த 4,245 கோடி மானியத்தின் விதிகளை 6ஆம் தேதி மாற்றிவிட்டார்கள். ஃபைபருக்கு முன்னுரிமை கிடையாது, குறைந்த செலவில் யார் கொடுத்தாலும் சரி, சாட்டிலைட்டானாலும் சரி, மாநிலங்கள் மறுபடி ஒரு சுற்று விண்ணப்பம் வாங்க வேண்டும். சட்டம் வந்து மூன்றரை வருடம் ஆகிறது.

லைன்மேன் பெரியவரிடம் சொன்னேன். "2007 ஜனவரிப் பனிப்புயலில் கம்பமெல்லாம் தீக்குச்சி மாதிரி ஒடிந்தது. வாஷிங்டன் விதி மாறும் என்று நின்றிருந்தால் இன்னும் இருட்டில் இருந்திருப்போம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அந்தப் பனிப்புயலைத்தான் எடுப்பார். இந்தத் தடவை பொருத்தமாக இருந்தது. வளையம் முடிந்துவிட்டது. முன்பணம் நிறையச் சேர்ந்த கிளை ரோடுகளை எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் ரோட்டில் மூன்று வீடும் கட்டிவிட்டோம். மூன்றாவது வீட்டுக்காரரிடம் போய்ப் பேசியது மகள்.

14 அக்டோபர் 2025

நான்கு வருடத்துக்கு முன்பு முதல் கேள்வி கேட்ட நண்பர் வந்து, "கடைசியில் வந்ததா இல்லையா?" என்கிறார்.

கம்பம் வரை வந்துவிட்டது. பாதை முகப்பில் இருக்கும் கம்பத்தில் மிச்சக் கேபிளைச் சுருட்டி, பனியில் நடக்கப் போடும் காலணி மாதிரி ஒரு சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் குப்பைத் தொட்டி வைக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு இழுக்க இன்னொரு குழு வர வேண்டும். குறிப்பிட்ட அடிக்கு மேல் போனால் அடிக்கணக்கில் காசு. அதனால் நேற்று பெரியவர் அளக்கும் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

கரண்ட் பில்லில் இன்டர்நெட்டுக்காக ஒன்றும் ஏறவில்லை. இதுவரை.

14 அக்டோபர், சற்றுப் பிறகு

திருத்தம். 2021இல் என் பாதை 780 அடி என்று எழுதியிருந்தேன். 870.